கரணமும் கணமும்: கிராண்ட் பிரிட்டனின் ஸ்கேட்போர்டிங் ஒளிப்படங்களை முன்வைத்துத் தஞ்சை நிகழ்த்துகலைப் பதிவுகள் குறித்து ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் ஜே. கிராண்ட் பிரிட்டன் 1979 முதல் ஸ்கேட்போர்டிங் என்னும் சறுக்குப்பலகை ஆட்டத்தைப் படமெடுத்து வருபவர். ஓர் ஆட்டக் குழுவினரோடு வாழ்நாள் முழுதும் உடனிருந்து உருவாக்கிய அவருடைய படங்கள், அசையும் உடலை அசையாப் படத்தில் பதிவதற்கான சில நெறிகளை முன்வைக்கின்றன. அந்நெறிகளைத் தஞ்சைப் பெரிய கோயிலின் கரணச் சிற்பங்களோடும் தளிச்சேரிக் கல்வெட்டோடும் ஒப்பிட்டு, காவிரிப் படுகையின் நிகழ்த்துகலைகள் குறித்த நம் ஆய்வேடுகளில் ஒளிப்படம் பெற்றுள்ள இடத்தை இக்கட்டுரை வினவுகிறது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியலின் மருட்கை, பெருமிதம் ஆகிய கருத்தாக்கங்கள் அளவுகோலாகக் கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: கரணம், ஒளிப்படம், ஸ்கேட்போர்டிங், மெய்ப்பாடு, தளிச்சேரிப் பெண்டுகள், பொய்க்கால் குதிரை, களப்பதிவு

கரணம் என்னும் சொல்

தமிழில் 'கரணம்' பல பொருள் குறித்த ஒரு சொல். தொல்காப்பியக் கற்பியலில் அது மணச்சடங்கு. ஊர்க் கணக்கு எழுதியவரும் கரணம் எனப்பட்டார். ஆடல் நூலாரிடம் அது கையும் காலும் இசைந்து இயங்கும் ஓர் ஆடல் அலகு. மக்கள் வழக்கிலோ குட்டிக்கரணம், கரணமடித்தல் என்று உடலைத் தலைகீழாகச் சுழற்றும் செயலைக் குறிக்கிறது. 'கரணம் தப்பினால் மரணம்' என்ற பழமொழி கழைக்கூத்தாடியின் உலகிலிருந்து வந்தது. ஆடல் நூலார் பொருளுக்கும் கழைக்கூத்தாடியின் பொருளுக்கும் இடையே சமூகப் படிநிலை ஒன்று உள்ளது. கோயிலுக்குள் செதுக்கப்பட்ட கரணம் சாத்திரம். தெருவில் அடிக்கப்படும் கரணம் வித்தை. இரண்டும் உடல் பயிற்சியால் எட்டும் எல்லையையே குறிக்கின்றன என்பதை நம் கலை வரலாறு பெரிதும் கண்டுகொள்வதில்லை.

தஞ்சை இராசராசேச்சரத்தின் விமானத்தில், கருவறையைச் சூழ்ந்த மேல்தளத் திருச்சுற்றில், நாட்டிய சாத்திரம் கூறும் 108 கரணங்களில் 81 செதுக்கப்பட்டுள்ளன. ஆடுபவர் நான்கு கைகளுடைய சிவபெருமான். எஞ்சிய 27 கரணங்களுக்கு உரிய கற்கள் செதுக்கப்படாமல் வெறுமையாக உள்ளன. பணி ஏன் நின்றது என்பது குறித்த ஊகங்களுக்குள் இக்கட்டுரை செல்லவில்லை. நூற்றெட்டாவது கரணமாகிய கங்காவதரணம், அதாவது கங்கை இறங்கும் கோலம், காவிரிக் கரையின் இந்தப் பெருங்கோயிலில் இடம்பெறவே இல்லை என்பதை மட்டும் போகிற போக்கில் குறிக்கலாம். பாதங்கள் மேல்நோக்கவும் கைகள் தரைநோக்கவும் உடல் கவிழும் கரணம் அது. குட்டிக்கரணத்துக்கு மிக அருகில் வரும் சாத்திரக் கரணமும் அதுவே.

சிதம்பரம் கோபுரங்களிலும் குடந்தை சாரங்கபாணி கோயில் கோபுரத்திலும் கரணத் தொகுதிகள் உண்டு. சிதம்பரத்தில் நாட்டிய சாத்திர அடிகளும் கிரந்த எழுத்தில் உடன் பொறிக்கப்பட்டுள்ளன. தஞ்சைத் தொகுதிக்கு அத்தகைய விளக்கக் குறிப்பு இல்லை. கரணம் என்பது நிலை அன்று, இயக்கம். சிற்பி அவ்வியக்கத்தின் ஒரு கணத்தையே கல்லில் நிறுத்துகிறான் என்பதைப் பத்மா சுப்ரமணியம் தம் ஆய்வின் வழி வலியுறுத்தினார். அவ்வாறாயின் எந்தக் கணம்? தொடக்கமா, உச்சமா, முடிவா? கரண ஆய்வின் மையச் சிக்கல் இதுவே. ஒளிப்படக் கலையின் மையச் சிக்கலும் இதுவே. மேல்தளத் திருச்சுற்றுக்குள் பொதுமக்கள் செல்ல இயலாது என்பதால், நம்மில் மிகப் பெரும்பாலோர் இக்கரணங்களை ஒளிப்படங்களாகவே பார்த்திருக்கிறோம். இயக்கத்தைக் கல் நிறுத்தியது. கல்லைப் படம் நிறுத்தியது.

டெல் மார் திடல்

கலிபோர்னியாவில் 1970களின் நடுவில் ஸ்கேட்போர்டிங் புதிய வடிவம் பெற்றது. 1976, 77ஆம் ஆண்டுகளின் வறட்சியில் வீட்டு நீச்சல் குளங்கள் வற்றின. அவற்றின் வளைந்த சுவர்களில் பலகையோடு ஏறி இறங்கிய இளைஞர்கள், கடல் அலையில் சறுக்கும் ஆட்டத்தைச் சிமெண்டுக்குக் கொண்டுவந்தனர். நீர் இல்லாத நீர்நிலை ஆடுகளமாவது காவிரிப் படுகையினருக்குப் புதிதன்று. மேட்டூர் அணை திறக்கும் சூன் 12 வரை ஆற்றுமணலில் கிரிக்கெட் ஆடாத ஊர் இங்கு ஏது?

அக்காலத்தை கிரெய்க் ஸ்டெசிக், கிளென் ஃப்ரீட்மன் முதலியோர் படமாக்கினர். பிரிட்டன் அவர்களுக்குச் சற்றே பிந்தியவர். சான் டியேகோவுக்கு வடக்கே 1978இல் தொடங்கப்பட்ட டெல் மார் ஸ்கேட்போர்டிங் திடலில் அவர் பணியாளராக இருந்தார். 1979இல் அறைத்தோழரின் கேமராவை இரவல் வாங்கி முதல் படச்சுருளை எடுத்தார். பின்னர் பாலமார் கல்லூரியில் ஒளிப்படம் பயின்றார். 1983இல் 'டிரான்ஸ்வேர்ல்ட் ஸ்கேட்போர்டிங்' இதழ் தோன்றியபோது அதன் படப் பதிப்பாசிரியரானார். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அங்கு இருந்தபின், 2004இல் 'தி ஸ்கேட்போர்ட் மேக்' இதழை நண்பர்களோடு தொடங்கினார். சிறுவனாக டெல் மாருக்கு வந்த டோனி ஹாக் பின்னாளில் அவ்வாட்டத்தின் உலக முகமாக மாறியதன் படிநிலைகள் பிரிட்டனின் படச்சுருள்களில் உள்ளன. 1987இல் டெல் மார் திடல் இடிக்கப்பட்டது. இன்று அத்திடல் இருப்பது பெரும்பாலும் அவர் படங்களில்தான்.

இவ்வாழ்க்கையில் திறனாய்வாளர் கவனிக்க வேண்டிய வரிசை ஒன்று உண்டு. பிரிட்டன் அந்தத் திடலின் ஆளாக முதலில் இருந்தார்; கேமரா பின்னர் வந்தது. யார் எந்தச் சுவரில் எந்த வேகத்தில் ஏறுவர், எவர் எந்தக் கையால் பலகையைப் பிடிப்பர், எந்த இடத்தில் தவறி விழுவர் என்பது கேமராவைத் தொடுமுன்பே அவருக்குத் தெரிந்திருந்தது. செங்குத்துச் சுவரிலிருந்து மேலெழும் உடல் அதன் உயரத்தின் உச்சியில் ஒரு நொடிப்பிளவு நேரம் ஏறவும் இல்லாமல் இறங்கவும் இல்லாமல் நிற்கும். அப்போது பொத்தானை அழுத்தினால் காலம் கடந்துவிடும். அதற்குச் சற்று முன்பே அழுத்த வேண்டும். உச்சம் எங்கே அமையும் என்று முன்னறிய ஆட்டம் தெரிந்திருக்க வேண்டும். கேமராவின் நுட்பம் இதில் இரண்டாம் இடத்தையே பெறும். அப்லண்ட் திடலின் குழியில் கிறிஸ் மில்லர் ஆடுவதைப் பிரிட்டன் கம்பின் நுனியில் கேமராவைப் பொருத்தி மேலிருந்து எடுத்த படம் இதற்கு நல்ல சான்று. ஆடுபவன் எந்த வளைவில் எப்போது வருவான் என்பது துல்லியமாகத் தெரியாதவர், தாம் பார்க்க இயலாத கண்ணாடிக்குப் பின்னிருந்து அந்தப் படத்தை எடுத்திருக்க முடியாது.

ஒளிப்படம் தஞ்சைக்கு வந்த கதை இதற்கு நேர்மாறானது. சென்னை அரசின் ஒளிப்படக்காரராக அமர்த்தப்பட்ட கேப்டன் லின்னேயஸ் டிரைப் 1858இல் பெரிய கோயிலைப் படமெடுத்தார். விமானத்தின் அடித்தளக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து ஒன்றோடொன்று ஒட்டி ஏறத்தாழ 19 அடி நீளத்தில் அவர் அமைத்த தொடர்படம் உலக ஒளிப்பட வரலாற்றில் இடம்பெற்றுவிட்டது. எழுத்துகள் அதில் தெளிவாக உள்ளன, மனிதர்கள் இல்லை. மெழுகு பூசிய தாள் எதிர்ப்படிக்கு நெடுநேர ஒளி தேவைப்பட்டது. அசைந்த எதுவும் அதில் பதியாது கரைந்தது. கல்லுக்குப் பொருந்திய கருவி உடலுக்குப் பொருந்தவில்லை. அது தொழில்நுட்பத்தின் எல்லை. அந்த எல்லை விலகிய பின்னும் நம் கலைஞர்களைக் கேமரா முன் அசையாமல் நிற்கச் சொல்லும் வழக்கம் ஏன் விலகவில்லை என்பதே இங்கு எழும் வினா.

மருட்கையும் பெருமிதமும்

தொல்காப்பியர் கூறும் எண்வகை மெய்ப்பாடுகளில் மருட்கை புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்பன பற்றிப் பிறக்கும். பெருமிதம் கல்வி, அஞ்சாமை, புகழ், கொடை ஆகியன பற்றிப் பிறக்கும். முன்னது காண்பவனிடம் தோன்றும் வியப்பு. பின்னதன் நிலைக்களன் செய்பவன். அவன் கற்றது, அஞ்சாதது, பெற்ற பெயர், பிறர்க்கு ஈந்தது ஆகியவற்றிலிருந்து அது எழுகிறது. உரைகாரர்கள் இவற்றைச் செய்யுளுக்கு உரியனவாக விளக்கினும், அசையும் உடலைக் காட்டும் படங்களை வகைப்படுத்த இவ்விரண்டும் மிகக் கூர்மையான கருவிகள் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

வெளியாள் எடுக்கும் சாகசப் படம் மருட்கைப் படம். வானத்தில் ஓர் உடல், கீழே ஏதும் தெரியாது. எவ்வளவு உயரம் என்ற வியப்பு மட்டும் மிஞ்சும். பிரிட்டனின் படங்களிலும் இத்தகையன உண்டு. இதழ் அட்டைகள் அவற்றைக் கேட்டன. எனினும் அவர் பெயரோடு இன்று முதலில் நினைக்கப்படும் படம் அதுவன்று. 1987இல் 'டிரான்ஸ்வேர்ல்ட்' அட்டையில் வந்த, டாட் ஸ்வாங்க் ஒரு காலைப் பலகையில் வைத்து மறுகாலால் தரையை உந்திச் செல்லும் படம் அது. உருவம் நிழலாகத் தெரிகிறது. உயரம் இல்லை, சுழற்சி இல்லை, ஆபத்து இல்லை. பலகையில் ஏறிய எவரும் முதல் நாளில் கற்கும் செயல் அது. வித்தை எதுவும் இல்லாத படம் ஆட்ட இதழின் அட்டையில் வருவது அன்றைய வழக்கத்துக்கு மாறானது. தம் எண்பதுகளின் படத் தொகுப்புக்கு 'உந்துதல்' என்று பொருள்படும் சொல்லையே பிரிட்டன் தலைப்பாக்கினார்.

இப்படத்தை நான் பெருமிதப் படம் என்பேன். அதன் நிலைக்களன் கல்வி. புதுமையால் வியக்க அதில் ஒன்றும் இல்லை; உந்திச் சென்று பழகிய உடலுக்கு மட்டுமே அந்தச் சாய்வின் இலகு புரியும். ஆட்டம் தெரியாதவருக்கு அது ஒரு நிழல். தெரிந்தவருக்கு அது தம் உடல். நாட்டிய சாத்திர வரிசையில் முதல் கரணமாகிய தலபுஷ்பபுடம், கூப்பிய கைகளில் மலர் ஏந்திய எளிய தொடக்க நிலை, தஞ்சைத் தொகுதியில் ஏனைய கரணங்களுக்கு இணையான ஒரு கல்லைப் பெற்றிருப்பதும் இவ்வாறே. பாதம் நெற்றியைத் தொடும் லலாடதிலகத்தை மட்டும் பெரிதாகச் செதுக்கவில்லை சோழச் சிற்பி. இன்றைய நாட்காட்டிகளும் சுற்றுலாச் சுவரொட்டிகளும் லலாடதிலகம் போன்றவற்றையே தேடுகின்றன என்பது வேறு செய்தி.

தமிழகத்துக்கும் ஸ்கேட்போர்டிங் வந்துவிட்டது. கோவளம், மாமல்லபுரம் கடற்கரைச் சிறார்கள் அலைச்சறுக்கோடு இதையும் பயில்கின்றனர். மாமல்லபுரத்தைக் களமாகக் கொண்டு சாஷா ரெயின்போ இயக்கிய 'கமலி' (2019) என்னும் குறும் ஆவணப்படம் பாஃப்டா விருதுக்குப் பரிந்துரை பெற்றது. அவ்வூர் ஆட்டக்காரர்களைப் பற்றி உலகெங்கும் பரவிய படங்களில் பல, ஆட்டத்தைவிட ஆட்டத்துக்கும் இடத்துக்கும் உள்ள பொருந்தாமையையே காட்டுகின்றன. வெறுங்கால், பாவாடை, பல்லவர் குன்று, பலகை. இது மருட்கையின் 'புதுமை' வகை. அதில் தவறில்லை. ஆனால் அந்தச் சிறார் அந்தக் கரணத்தை எத்தனை மாதம் பழகினர் என்பது அப்படங்களில் இல்லை. அதைக் காட்டும் படங்கள், அவர்களோடு ஆடி வளர்ந்த ஒருவர் கேமரா எடுக்கும்போதுதான் வரும்.

தரை தெரிய வேண்டும்

ஸ்கேட்போர்டிங் படக்கலையில் எழுதப்படாத சட்டங்கள் சில உள்ளன. ஆடுபவர் எங்கிருந்து எழுந்தார், எங்கு இறங்குவார் என்பது படத்தில் தெரிய வேண்டும் என்பது அவற்றில் முதன்மையானது. படிக்கட்டைத் தாண்டினால் படிகள் முழுதும் தெரிய வேண்டும். வளைசுவரில் எழுந்தால் சுவரின் விளிம்பு தெரிய வேண்டும். ஒரு கையால் விளிம்பில் ஊன்றித் தலைகீழாக நிற்கும் 'இன்வர்ட்' என்னும் கரணத்தில் (கங்காவதரணத்தை நினைவூட்டும் கோலம் அது) ஊன்றிய கை விளிம்பைத் தொடும் இடத்தை வெட்டிவிட்டால் படம் பொருளற்றதாகும். மீன்கண் வில்லை இவ்வாட்டப் படங்களில் பெருவழக்கானதற்கு இதுவும் ஒரு காரணம். மிக அருகில் நின்றும் உடலையும் தரையையும் ஒருங்கே அது அடக்கும். அது உயரத்தைப் பெருக்கியும் காட்டும் என்பதால் மருட்கைக்கும் உதவும். இக்கருவியின் இரட்டைத் தன்மை அது.

இரண்டாவது சட்டம் இன்னும் ஆழமானது. ஆடுபவர் விழாமல் இறங்கி முடித்த கரணத்தின் படமே வெளியிடத் தக்கது. உச்சத்தில் எடுத்த படத்தைப் பார்த்து அடுத்த நொடி அவர் நின்றாரா விழுந்தாரா என்று எவரும் கூற இயலாது. படம் அதைச் சொல்லாது. எடுத்தவர்தாம் சொல்ல வேண்டும். ஆகவே அக்குழுவினரிடையே ஒளிப்படக் கலைஞர் படம் எடுப்பவர் மட்டுமல்லர், சான்றாளரும் ஆவார். அவர் சொல்லை நம்பித்தான் படம் கரணமாகிறது. கரணம் தப்பினால் இங்கு மரணம் நேராவிட்டாலும் படம் மரிக்கும். ஒளிப்படம் தானே சான்று என்று நம் ஆய்வுமுறையியல் நூல்கள் கற்பிக்கின்றன. இவ்வாட்டத்தாரோ படத்துக்கே சான்று வேண்டும் என்கின்றனர். அறிவுத் தோற்றவியல் நோக்கில் அவர்கள் நிலைப்பாடே வலுவானது.

பொய்க்கால் குதிரையை இங்கே நினைக்கலாம். தஞ்சையின் அடையாளக் கலை அது. மாதவி ஆடிய பதினோராடலில் மரக்காலாடலும் ஒன்று என்பதால் அதன் தொன்மையைச் சிலப்பதிகாரம் வரை கொண்டுசெல்லும் ஆய்வுகள் உள்ளன. மராட்டியர் காலத் தொடர்பை வலியுறுத்துவோரும் உள்ளனர். தோற்றம் குறித்த இவ்விவாதம் நடந்துகொண்டே இருக்க, ஆட்டத்தின் உண்மையான அருமை கவனத்திலிருந்து நழுவிவிடுகிறது. காலில் கட்டிய கட்டையின் சிறு முனை மட்டுமே தரையைத் தொடும். ஓரிடத்தில் அசையாமல் நிற்பது அதில் மிகக் கடினம். ஆடிக்கொண்டே இருந்தால்தான் விழாமல் இருக்கலாம். இடுப்பில் குதிரைக் கூட்டின் சுமை. கீழே தார்ச்சாலை, சில வேளை சேறு, சில வேளை கோயில் முன் வழுக்கும் கல்தளம். இக்கலையை விளம்பரப்படுத்தும் படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் பெரும்பான்மை இடுப்புக்கு மேல் எடுக்கப்பட்டவை. குதிரை முகம், இராசா ராணி ஒப்பனை, புன்னகை. மரக்கட்டை தரையைத் தொடும் இடம் சட்டகத்துக்கு வெளியே போய்விடுகிறது. ஆட்டத்தைக் கலையாக்கும் பகுதியை வெட்டிவிட்டு அலங்காரத்தை மட்டும் ஆவணப்படுத்துகிறோம்.

நம் ஆய்வேடுகளின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. நிகழ்த்துகலை குறித்த முனைவர் பட்ட ஆய்வேடுகளைப் புரட்டியவர் எவரும் 'பின்னிணைப்பு: நிழற்படங்கள்' என்ற பகுதியை அறிவர். கரகத்தைத் தலையில் வைத்துக் கேமராவை நேர்நோக்கி விறைப்பாக நிற்கும் கலைஞர்; அவர் அருகில் கையில் ஏடும் எழுதுகோலுமாக ஆய்வாளர்; பின்னணியில் நாற்காலிகள். படத்தின் பணி கலையைக் காட்டுவதன்று, ஆய்வாளர் களத்துக்குச் சென்றார் என்பதை மெய்ப்பிப்பது. இதுவும் ஒருவகைச் சான்றாண்மைதான். ஆனால் ஆய்வாளர் தமக்குத் தாமே அளித்துக்கொள்ளும் சான்று. ஆடற்கணம் எங்கும் இல்லை. மூன்று அத்தியாயங்கள் அடவுகளை விவரித்திருக்கும். அவற்றில் ஒன்றின் படமும் இருக்காது. தொடர்வரிசைப் படங்கள், அதாவது ஒரே அசைவை நொடிக்குப் பல படங்களாக அடுக்கும் முறை, மைபிரிட்ஜ் 1878இல் ஓடும் குதிரையைப் படமெடுத்த காலத்திலிருந்து உலகுக்குத் தெரிந்ததே. ஸ்கேட்போர்டிங் இதழ்கள் ஒரு கரணத்தைக் கற்பிக்க அதை நாள்தோறும் பயன்படுத்தின. இன்று கைப்பேசி அதைத் தானே செய்யும். கரகாட்டத்தின் ஒரு சுழற்சியைப் பன்னிரண்டு படங்களாகக் காட்டும் ஆய்வேடு இருந்தால் அதன் அடவு விளக்கத்தில் பாதியை எழுதவே வேண்டியதில்லை.

பெயரும் பங்கும்

ஸ்கேட்போர்டிங் இதழ்ப் படத்தின் அடிக்குறிப்பில் ஆடியவர் பெயர், கரணத்தின் பெயர், இடம், படமெடுத்தவர் பெயர் ஆகியவை இடம்பெறும். நான்கும் வருவது நெடுநாள் வழக்கம். ஆட்டம் தெருவோரப் பிள்ளைகளின் வீண்பொழுது என்று ஒதுக்கப்பட்ட காலத்திலேயே அக்குழு இவ்வொழுக்கத்தைத் தனக்கு விதித்துக்கொண்டது. டோக்கியோ ஒலிம்பிக்கில் அவ்வாட்டம் இடம்பெற்றபோது அதற்கு நாற்பது ஆண்டு வரலாறு பெயர்களோடு எழுதப்பட்டிருந்தது இதனால்தான்.

இவ்வொழுக்கம் நமக்கு வெளியிலிருந்து வரவேண்டிய ஒன்றன்று. இராசராசன் தளிச்சேரிக் கல்வெட்டில் நானூறு ஆடற்பெண்டிர் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லப்பட்டுள்ளனர். எந்தக் கோயிலிலிருந்து வந்தவர், எந்தச் சேரி, எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு என்பது வரை அக்கல்வெட்டு குறிக்கிறது. நக்கன் என்ற முன்னொட்டோடு அடுத்தடுத்து வரும் அப்பெயர்களில் திருவாரூரிலிருந்தும் திருவையாற்றிலிருந்தும் வந்தவர்கள் உள்ளனர். ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு; பங்கொன்றுக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல். அந்த நெல்லை அளந்த மரக்காலின் பெயர் ஆடவல்லான். ஆடலுக்கு அளிக்கும் நெல்லை ஆடவல்லான் பெயரால் அளந்த நிலம் இது. நட்டுவம் செய்தவர், பாடியவர், குழல் ஊதியவர் ஆகியோர் பங்குகளும் தொடர்கின்றன.

மேல்தளத்துக் கரணச் சிற்பம் எந்த ஆடற்பெண்ணின் உடலையும் பார்த்துச் செதுக்கப்பட்டதா என்பதற்குச் சான்று கேட்க முடியாது. அங்கு ஆடுபவன் இறைவன். திருமதிற்சுவர்க் கல்வெட்டிலோ ஆடியவர்களின் பெயர் உண்டு, உருவம் இல்லை. ஒரே கோயிலில் உருவமும் பெயரும் இருவேறு இடங்களில் பிரிந்து கிடக்கின்றன. அவ்விரண்டையும் ஒரே தாளில் இணைக்கக் கிடைத்த கருவி ஒளிப்படமும் அதன் அடிக்குறிப்பும். அப்படியிருக்க நம் நூல்களில் காணும் அடிக்குறிப்பு 'கரகாட்டக் கலைஞர்', 'தப்பாட்டக் குழு', 'பொய்க்கால் குதிரை, தஞ்சாவூர்' என்பனவே. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அரசு ஆவணம் வீட்டு எண் வரை எழுதியது. இன்றைய ஆய்வு ஆவணம் பெயரையும் எழுதுவதில்லை. பெயர் எழுதப்படாத படம் கலைஞருக்கு ஓய்வூதிய விண்ணப்பத்தில்கூடப் பயன்படாது. அரசு உதவிக்கு விண்ணப்பிக்கும் முதிய கலைஞர் தாம் ஆடியதற்கு ஆவணம் தேடி அலைவதைக் களத்தில் பணியாற்றிய எவரும் கண்டிருப்பர். பங்கு என்ற சொல்லின் பொருள் இங்கே இன்னும் நெல்லளவுதான்.

பெயர் எழுதுவதில் சிக்கலே இல்லை என்று கூறுவதாகக் கொள்ளலாகாது. கரகாட்டம் ஆடும் பெண்கள் பலர் தம் பிள்ளைகளின் பள்ளியிலோ சம்பந்தி வீட்டிலோ தம் தொழில் தெரியவரக் கூடாது என்று கருதுகின்றனர். இரவு ஆட்டத்தைக் கைப்பேசியில் பதிந்து பரப்பும் இக்காலத்தில் அவ்வச்சம் நியாயமானது. தளிச்சேரிப் பெண்டிரிடம் கல்லில் பெயர் பொறிக்கட்டுமா என்று எவரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆகவே பெயரிடலும் பெயர் மறைத்தலும் கலைஞர் முடிவாக இருக்க வேண்டும். கேட்டபின் மறைப்பது ஒன்று. கேளாமலே விட்டுவிடுவது முற்றிலும் வேறு. பிரிட்டனின் உலகத்திலும் குறை உண்டு. எண்பதுகளின் அப்படங்களில் காண்போர் பெரும்பாலும் ஆண்கள். உடனிருந்து எடுக்கும் கேமரா, உடனிருப்போரையே காணும். வெளியே நிறுத்தப்பட்டவர்களை அது காணாது. உடனிருப்பு என்பதை ஆய்வுமுறையாகக் கொள்வோர் இந்த எல்லையையும் சேர்த்தே கொள்ள வேண்டும்.

படச்சுருள்கள் கிடக்கும் இடம்

காவிரிப் படுகையில் பிரிட்டனுக்கு இணையானவரைத் தேடினால் பல்கலைக்கழகத்தில் தேடிப் பயனில்லை. கடைத்தெருவில் தேட வேண்டும். கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர், மன்னார்குடி ஊர்களின் ஒளிப்பட நிலையங்கள் தலைமுறைகளாகத் திருமணத்தோடு திருவிழாவையும் எடுத்தன. நாதசுரக் குழுவின் விளம்பர அட்டைக்கும், கரகாட்டக் குழுவின் துண்டறிக்கைக்கும், நாடகக் குழுவின் சுவரொட்டிக்கும் படமெடுத்தவர்கள் அவர்களே. ஆண்டுதோறும் அதே தேர், அதே வீதி, அதே குழு, வளர்ந்துவரும் அதே பிள்ளைகள். கட்டணம் பெற்று எடுத்ததால் பதிவேட்டில் பெயரும் நாளும் இருக்கும். ஆய்வாளர் விட்டுவிட்ட அடிக்குறிப்பை நிலையத்தின் கணக்குப் புத்தகம் எழுதி வைத்திருக்கிறது. பழைய வழக்கில் சொன்னால் கரணம் எழுதிய கணக்கு.

தமிழக ஒளிப்பட நிலையங்களின் பழம்படங்களை எண்மமாக்கும் பணியைப் பிரிட்டிஷ் நூலகத்தின் அழிநிலை ஆவணத் திட்ட உதவியோடு புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் மேற்கொண்டது. அம்முயற்சி பெரிதும் குடும்ப உருவப்படங்களை மையமிட்டது. நிகழ்த்துகலைப் படங்களுக்கென அத்தகைய தேட்டம் தனியே நடைபெற வேண்டும், அதுவும் விரைவில். படுகையின் ஈரக்காற்றில் படச்சுருளில் பூஞ்சை படரும்; அசெட்டேட் அடிப்படை சுருங்கிப் புளிநாற்றம் வீசும். நிலையங்கள் எண்மக் கேமராவுக்கு மாறியபோது இருட்டறைகள் கிடங்குகளாயின. கடை கைமாறும்போது எதிர்ப்படிப் பெட்டிகள் பழைய பொருள் வாங்குவோரிடம் எடைக்குப் போகின்றன.

அங்கே செல்லும் ஆய்வாளர் கேட்க வேண்டியவை சில. எதிர்ப்படிகளோடு பதிவேடும் இருக்கிறதா? அதில் குழுத்தலைவர் பெயர் உண்டா? வாங்கப்பட்ட படம் எது, வாங்காமல் ஒதுக்கப்பட்ட படம் எது? ஒதுக்கப்பட்டவற்றில்தான் ஆடற்கணம் இருக்க வாய்ப்பு மிகுதி. கால் தரையைத் தொடும் படத்தையும், கரகம் சாயும் படத்தையும், ஆடுபவர் மூச்சு வாங்கும் படத்தையும் எவரும் காசு கொடுத்து வாங்கியிருக்க மாட்டார்கள். படமெடுத்தவர் உயிரோடு இருந்தால், அந்தப் படத்துக்கு அடுத்த நொடி என்ன நடந்தது என்று அவரிடம் கேட்கலாம்.